வெள்ளிக்கு அடியில் – மின்முலாம் பிறந்த கதை: பகுதி 6

முன்கதை

ஷெஃபீல்டு நகரத்தில் தாமஸ் போல்சோவர் 1743 வாக்கில் கண்டுபிடித்த முறை, ஏறக்குறைய நூறாண்டு கோலோச்சியதைப் பார்த்தோம். செம்புக் கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் இணைப்பார்கள். இரண்டையும் சேர்த்து உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகடாக்குவார்கள். அந்தத் தகட்டை வளைத்துத் தட்டிப் பாத்திரம் செய்வார்கள். வெட்டிய விளிம்புகளில் செம்பு சிவப்பாகத் தெரியும் என்பதால், அதை மறைக்க வெள்ளிக் கம்பி ஓட்டுவார்கள்.

சென்ற வாரம் பர்மிங்ஹாமுக்கு வந்தோம். ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் எல்கிங்டன் 1836-இல், பொருளைத் தங்கக் கரைசலில் முக்கியெடுத்தே முலாம் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை தங்க முலாம் என்றால் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவதுதான். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் கை நடுங்கியது, பல் ஆடியது, ஆயுள் குறைந்தது. எல்கிங்டனின் முறையில் அந்த நெருப்புக்கே வேலை இல்லை.

ஆனாலும் அவர் நிம்மதியாக இல்லை. ஏறிய முலாம் தடிக்க மறுத்தது.

நின்றுபோகும் முலாம்

பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சிறிது நேரத்தில் ஆணி செந்நிறமாகிவிடும். இரும்பு கரைந்து கரைசலுக்குள் போக, அதன் இடத்தில் செம்பு வந்து படிகிறது. ஒன்று போனால்தான் மற்றொன்று வரும்.

எல்கிங்டனின் 1836 முறையிலும் நடந்தது இதுதான். செம்போ பித்தளையோ கொஞ்சம் கரையும், அந்த இடத்தில் தங்கம் வந்து அமரும். மேற்பரப்பு முழுவதையும் தங்கம் மூடியதும், கரைவதற்கு அடி உலோகம் வெளியே தெரியாது. வேலை அத்தோடு நின்றுவிடும். ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டாலும் அதற்கு மேல் ஏறாது.

பொத்தானுக்கும் அலங்காரப் பொருளுக்கும் அந்த மெல்லிய முலாம் போதும். தினமும் கையாண்டு, தேய்த்துக் கழுவும் கரண்டிக்குப் போதாது. சாப்பாட்டு மேசையில் பழைய ஷெஃபீல்டு பிளேட்டோடு போட்டியிட வேண்டுமென்றால் வெள்ளி தடிப்பாக ஏற வேண்டும்.

தடிப்பாக ஏற்ற வேண்டுமென்றால் உலோகத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்க வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். அது மின்சாரம்தான் என்பது அதற்குள் பலருக்கும் தெரிந்திருந்தது. வோல்ட்டா 1800-இல் தன் மின்கலத்தை உலகுக்குக் காட்டினார். இத்தாலியின் புருக்னடெல்லி 1805-இல் அதைக் கொண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குத் தங்கம் ஏற்றினார். எவ்வளவு மின்சாரம் பாய்கிறதோ அதே கணக்கில்தான் உலோகம் படியும் என்ற விதியை மைக்கேல் பாரடே 1834-இல் வகுத்துவிட்டார். 1838-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மொரிட்ஸ் யாக்கோபி மின்சாரத்தால் தடித்த செம்புப் படிவங்களையே எடுத்துக் காட்டினார்.

செம்பு தடிப்பாக வந்தது. வெள்ளி வரவில்லை. வெள்ளியை அமிலத்தில் கரைத்த சாதாரணக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால், கறுத்த பொடியாகவோ முள்முள்ளான பொருக்காகவோதான் படியும். விரலால் தேய்த்தாலே கையோடு வந்துவிடும்.

ஆறு மாதக் கெடு

1840 மார்ச் 25. ஜார்ஜ் எல்கிங்டனும் அவருடைய உறவினர் ஹென்றி எல்கிங்டனும் உலோகங்களுக்கு முலாம் பூசுவது பற்றிப் புதிய காப்புரிமை ஒன்றைப் பெற்றார்கள். அதன் எண் 8447.

அந்தக் கால இங்கிலாந்தின் காப்புரிமை வழக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. முதலில் கண்டுபிடிப்பின் தலைப்பைச் சொல்லி உரிமை வாங்கிவிடலாம். அதை எப்படிச் செய்வது என்ற முழு விளக்கத்தைப் பிறகு, ஆறு மாதக் கெடுவுக்குள் பதிவு செய்தால் போதும்.

ஆக, எல்கிங்டன்கள் கையில் உரிமை இருந்தது. விளக்கப் பத்திரத்தில் எழுதவேண்டிய மிக முக்கியமான விஷயம், அதாவது வெள்ளியைத் தடிப்பாகவும் உறுதியாகவும் ஏற்றும் வழி, கைக்கு வரவில்லை. செப்டம்பருக்குள் அது கிடைத்தாக வேண்டும்.

அது எல்கிங்டனின் பட்டறையில் கிடைக்கவில்லை. அதே ஊரில் ஒரு வைத்தியர் புரட்டிக்கொண்டிருந்த புத்தகத்தில் கிடைத்தது.

வைத்தியர் படித்த பக்கம்

ஜான் ரைட் பர்மிங்ஹாமில் அறுவை மருத்துவர். மின்சாரத்தால் உலோகம் படியவைக்கும் புதிய கலை அவரைப் பிடித்து ஆட்டியிருந்தது. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீதி நேரம் கரைசல்களோடு போனது.

அவர் படித்துக்கொண்டிருந்தது சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. ஷீலே இறந்து அப்போது ஐம்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. சயனைடு சேர்மங்களைத் தொடக்க காலத்தில் ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அவர். தங்கம், வெள்ளி ஆகியவற்றின் சேர்மங்கள் சயனைடுக் கரைசல்களில் கரையும் என்று அவர் போகிறபோக்கில் குறித்து வைத்திருந்தார். மின்சாரத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. வோல்ட்டாவின் மின்கலம் வருவதற்கு முன்பே ஷீலே காலமாகிவிட்டார்.

அந்த வரியைப் பலரும் படித்திருப்பார்கள். ரைட்டுக்கு மட்டும் அது தான் தேடிக்கொண்டிருந்த கேள்விக்கான பதிலாகப் பட்டது.

வெள்ளிக் குளோரைடை எடுத்து, பெரோசயனைடு உப்பின் கரைசலில் கரைத்தார். மின்கலத்தை இணைத்தார். வெள்ளி படிந்தது. கறுப்புப் பொடியாக இல்லை. வெண்மையாக, இறுக்கமாக, நேரம் ஆக ஆகத் தடித்துக்கொண்டே போகும் படலமாகப் படிந்தது. விரைவிலேயே பெரோசயனைடுக்குப் பதில் பொட்டாசியம் சயனைடு என்று மாறினார். பலன் இன்னும் மேம்பட்டது.

காரணம் இதுதான். சாதாரண வெள்ளிக் கரைசலில் வெள்ளி அயனிகள் தனித்தனியாகத் திரிகின்றன. மின்சாரம் பாய்ந்ததும் கிடைத்த இடத்தில் அவசரமாகக் குவிந்து, கரடுமுரடாக வளர்கின்றன. சயனைடோ வெள்ளியைத் தன்னோடு இறுகப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. விடுபட்டுத் திரியும் வெள்ளி மிகமிகக் குறைவு. அதனால் படிவு நிதானமாகவும், நுண்ணிய மணிகளாகவும், பரப்பு முழுவதும் ஒரே சீராகவும் நடக்கிறது.

கூடவே இன்னொரு வசதி. எதிரே தொங்கவிடும் நேர்முனையையும் வெள்ளித் தகடாகவே வைத்துவிட்டால், பொருளின் மேல் எவ்வளவு வெள்ளி ஏறுகிறதோ அவ்வளவும் தகட்டிலிருந்து கரைந்து வந்துவிடும். தொட்டியின் பலம் குறையாது. வேண்டிய தடிப்பு வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்கலாம்.

ரைட் தன் முறையை எல்கிங்டன்களிடம் கொண்டுபோனார். அவர்கள் அதை விலைகொடுத்து வாங்கினார்கள். கெடு முடிவதற்குள் சயனைடு முறை விளக்கப் பத்திரத்தில் ஏறிவிட்டது. பத்திரத்தில் உரிமையாளர்களாக நின்றவை எல்கிங்டன் பெயர்கள்தான். ரைட் 1844-இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். அன்றிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் வெள்ளி முலாம் தொட்டிகளில் பெரும்பாலானவை அவர் காட்டிய கரைசலையே கொண்டிருந்தன. இந்தத் தொடரில் நாம் சந்திக்கும் மனிதர்களில், செய்த வேலைக்கு ஈடான பெயர் கிடைக்காதவர் என்று நான் முதலில் சொல்வது இவரைத்தான்.

உரியும் வெள்ளி

தடிப்பு வந்துவிட்டது. பிரச்சினை அதோடு தீரவில்லை.

தடித்த முலாமுக்கு ஒரு ஆபத்து உண்டு. மெல்லிய படலம் சரியாக ஒட்டாவிட்டால் சத்தமில்லாமல் தேய்ந்துபோகும். தடித்த படலம் ஒட்டாவிட்டால் கொப்புளித்துப் பெயர்ந்து, தோலாக உரிந்துவிடும். மெருகுக் கருவியை அழுத்தித் தேய்க்கும்போதே வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

ஷெஃபீல்டின் பழைய தொழிலாளிகளுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்கள் வெள்ளியையும் செம்பையும் உலைச் சூட்டில் ஒன்றோடொன்று கலக்க வைத்தவர்கள். மின்முலாமோ குளிர்ந்த தொட்டியில் நடக்கிறது. ஒட்டுவதற்கு உதவ அங்கே நெருப்பு கிடையாது.

சிக்கலின் மூலம், மயில்துத்தத்தில் போட்ட அதே ஆணிதான். சயனைடு வெள்ளியை எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும், செம்போ பித்தளையோ தொட்டியைத் தொட்ட முதல் நொடிகளில் தானாகவே கொஞ்சம் வெள்ளியை இழுத்துக்கொள்கிறது. மின்சாரம் தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு தளர்ந்த படலம் அங்கே உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் எத்தனை நேர்த்தியாக வெள்ளியை ஏற்றினாலும், அது நிற்பது அந்தத் தளர்ந்த தளத்தின் மேல்தான்.

தீர்வு பழைய எதிரியிடமிருந்தே வந்தது. பாதரசம்.

பழைய தங்க முலாம்காரர்களுக்கு ஒரு கைமுறை பழக்கமாக இருந்தது. பூச வேண்டிய பொருளை முதலில் நீர்த்த பாதரச உப்புக் கரைசலில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். செம்பின் மேல் கண்ணாடிப் பளபளப்போடு நூலிழைக்கும் மெல்லிய பாதரசப் படலம் படியும். வெள்ளி முலாம் பட்டறைகளும் இதை எடுத்துக்கொண்டன. அந்தப் படலம் அடியில் செம்போடும் மேலே வெள்ளியோடும் இணையும். செம்பு தானாக வெள்ளியை இழுப்பதும் நின்றுவிடும். எல்கிங்டன் 1836-இல் நெருப்போடு சேர்த்து வெளியேற்றிய பாதரசம், ஓரத்தில் ஒரு சிறு தொட்டியாகத் திரும்பி வந்துவிட்டது. காய்ச்சி ஆவியாக்குவது இல்லை என்பதால் கொடுமை குறைந்தது. நஞ்சு நஞ்சுதான்.

இரும்புக்கும் எஃகுக்கும் இது உதவவில்லை. பாதரசம் இரும்போடு சேராது. எனவே எஃகுக் கத்திக்கு முதலில் செம்பு அடிப்பூச்சு வேண்டும். அந்தச் செம்பையும் மயில்துத்தக் கரைசலிலிருந்து ஏற்ற முடியாது. அதே ஆணிக் கதை அங்கேயும் நடக்கும். செம்பையும் சயனைடுக் கரைசலிலிருந்துதான் ஏற்றியாக வேண்டும். அதன் மேல் வெள்ளி.

பிற்காலத்தில் பாதரசத்தின் இடத்தை வேறொன்று பிடித்தது. தொழிலில் அதை 'ஸ்ட்ரைக்' என்பார்கள். அந்தத் தொட்டியில் வெள்ளி மிகக் குறைவு, சயனைடு மிக அதிகம். மின் இணைப்பைக் கொடுத்துவிட்டு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொருளை உள்ளே இறக்குவார்கள். சில நொடிகள்தான். செம்பு தானாக வெள்ளியை இழுக்க வாய்ப்பே கிடைக்காமல், மின்சாரம் முந்திக்கொண்டு ஒரு மெல்லிய, உறுதியான வெள்ளிப் படலத்தைப் போட்டுவிடும். உடனே எடுத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றுவார்கள். இன்று மின் நிலையங்களின் இணைப்புத் தகடுகளுக்கும் இயந்திரப் பேரிங்குகளுக்கும் தடித்த வெள்ளி ஏற்றும்போதும் வரிசை இதுதான்: தேவைக்கேற்பச் செம்போ நிக்கலோ, அதன் மேல் ஸ்ட்ரைக், கடைசியில்தான் தடித்த வெள்ளி.

ஒரு கரண்டி கடந்துவரும் தொட்டிகள்

அந்தக் காலப் பட்டறை ஒன்றில் ஒரு கரண்டியின் பின்னாலேயே போவோம்.

முதலில் கொதிக்கும் காரக் கரைசல். அச்சில் அடித்தபோதும் பாலிஷ் போட்டபோதும் ஒட்டிய எண்ணெய்ப் பசை அதில் போகும். எடுத்துத் தண்ணீரில் காட்டுவார்கள். தண்ணீர் பரப்பு முழுவதும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். எங்காவது துளித்துளியாகப் பிரிந்தால் அங்கே பசை மிச்சம். கைரேகை ஒன்று போதும், அந்த இடத்தில் வெள்ளி உரிய.

அடுத்து ஆசிட். உலோகத்தின் மேல் படிந்த கறுப்பும் துருவும் கரைய ஒரு முக்கு. பிறகு நிறையத் தண்ணீர். இந்தக் கழுவலில் அலட்சியம் கூடாது. ஆசிட் ஒட்டியிருக்கும் பொருள் சயனைடுத் தொட்டிக்குள் போனால், உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும்.

பிறகு பாதரச முக்கு. மறுபடி தண்ணீர். செம்புக் கம்பியில் கோத்து, வெள்ளித் தகடுகளுக்கு நடுவே தொங்கவிடுவார்கள். அவ்வப்போது கரண்டியைக் கொஞ்சம் அசைத்து, கம்பி தொட்டிருக்கும் இடத்தை மாற்றுவார்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் தழும்பு விழும்.

வெளியே வரும் கரண்டியில் பளபளப்பே இருக்காது. மெருகேற்றாத பீங்கான்போல மங்கிய வெண்மை. அதைச் சுழலும் பித்தளைக் கம்பித் தூரிகையில் கொடுப்பார்கள். உராய்வைக் குறைக்க மேலிருந்து புளித்த பீர் சொட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக எஃகும் வழவழப்பான கல்லும் பதித்த கருவிகளால் அழுத்தி மெருகிடுவார்கள். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். அடிப்பூச்சு சரியாக விழுந்ததா என்ற உண்மையான தேர்வும் அவர்கள் கைகளில்தான் நடந்தது. அந்த அழுத்தத்தைத் தாங்கியது கடைக்குப் போகும். தாங்காதது வெள்ளியைக் களைந்துவிட்டு மறுபடி முதல் தொட்டிக்கே வரும்.

தராசு சொல்லும் தடிப்பு

தடிப்பைக் கண்ணால் அளக்க முடியாது. தொட்டிக்குள் போகும் முன் எடை, வெளியே வந்த பின் எடை. வித்தியாசம்தான் வெள்ளி. முலாமின் தரத்தை எடையாலேயே பேசும் பழக்கம் இப்படி வந்தது.

ஐரோப்பாவின் கரண்டிகளில் '90' என்று முத்திரை இருந்தால், 12 கரண்டி, 12 முள்கரண்டி ஆகிய 24 உருப்படிகளின் மேல் மொத்தம் 90 கிராம் வெள்ளி இருப்பதாகப் பொருள். உருப்படி ஒன்றுக்குச் சுமார் ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பு என்று கொண்டால், தடிப்பு ஏறக்குறைய 36 மைக்ரான் வருகிறது. பாரடேயின் விதிப்படி ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 4 கிராம் வெள்ளி படியும். சதுர டெசிமீட்டருக்கு அரை ஆம்பியர் என்று நிதானமாக ஓட்டினால், அந்த 36 மைக்ரானுக்குக் கிட்டத்தட்ட 2 மணி நேரம்.

தேய்மானமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கரண்டியின் அடிவயிறு மேசையில் படும். காம்பின் நுனி உரசும். அங்கே மட்டும் கூடுதலாக வெள்ளி ஏற்றும் வழக்கமும் பின்னாளில் வந்தது.

அடி உலோகத்தையும் மாற்றினார்கள். செம்பின் மேல் வெள்ளி தேய்ந்தால் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த வெண்ணிறக் கலவையில் கரண்டி அடித்து, அதற்கு முலாம் போட்டார்கள். அந்தக் கலவையில் துளி வெள்ளியும் கிடையாது. இருந்தும் 'ஜெர்மன் சில்வர்' என்று பெயர் பெற்றது. நம் ஊர்க் கடைகளில் குங்குமச் சிமிழும் குத்துவிளக்கும் வாங்கும்போது இன்றும் நாம் கேட்கும் பெயர் அதுதான். பழைய கரண்டிகளின் முதுகில் காணும் ஈ.பி.என்.எஸ். முத்திரை, இந்தக் கலவையின் மேல் மின்முலாம் போட்டது என்பதற்கான அடையாளம்.

கடையில் நிற்பவர் பார்ப்பது மேலே இருக்கும் வெள்ளியை. கரண்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை முடிவு செய்பவை, அவர் ஒருபோதும் பார்க்கப்போகாத அடிப்பூச்சும் அதற்கு முந்தைய கழுவலும். எல்கிங்டன் பட்டறை உலகப் புகழ் பெற்றதற்கு ரைட்டின் கரைசல் பாதிக் காரணம் என்றால், இந்தப் பொறுமையான, பெயரில்லாத தயாரிப்பு வேலை மீதிப் பாதி.

துத்தநாகம் தின்னும் தொழில்

1842-இல் எழுதுமுனை உற்பத்தியில் பெரும் பணம் பார்த்த ஜோசய்யா மேசன், எல்கிங்டனோடு பங்குதாரராகச் சேர்ந்தார். முதலீடு வந்தது. தொட்டிகள் பெருகின. புதிய தலைவலியும் வந்தது.

ஒரு கரண்டிக்கு முலாம் போட ஒரு சிறு மின்கலம் போதும். நூற்றுக்கணக்கான கரண்டிகளுக்குத் தடிப்பாக ஏற்ற வேண்டுமென்றால்? மின்சாரம் அன்று துத்தநாகத்தை அமிலத்தில் கரைத்தே கிடைத்தது. 108 கிராம் வெள்ளி ஏறினால், இணைத்த ஒவ்வொரு கலத்திலும் குறைந்தது 33 கிராம் துத்தநாகம் கரையும். வீணாகக் கரைவது தனி. வெள்ளி எவ்வளவு தடிக்கிறதோ, அடுத்த அறையில் அவ்வளவு துத்தநாகம் காலியாகும்.

செலவைவிடப் பெரிய தொல்லை, மின்கலத்தின் குணம். புது அமிலம் ஊற்றியதும் வேகமெடுக்கும், போகப்போகத் தளரும். காலையில் தொங்கவிட்ட கரண்டிக்கு ஒரு மின்சாரம், மாலையில் தொங்கவிட்டதற்கு வேறொன்று. அமிலப் புகையில் யாராவது ஒருவர் தகடு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாடுபட்டுப் போட்ட அடிப்பூச்சின் மேல், நிலையில்லாத மின்சாரத்தால் வெள்ளி ஏற்றுவதா?

காந்தத்தின் அருகே கம்பிச்சுருளை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று பாரடே 1831-இலேயே காட்டியிருந்தார். பதினோரு ஆண்டுகளாக அது ஆய்வுக்கூட அதிசயமாகவே இருந்தது. 1842 ஆகஸ்டில், அதே பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜான் ஸ்டீபன் வுல்ரிச் ஒரு காப்புரிமை பெற்றார். குதிரை லாட வடிவக் காந்தங்களின் முன்னே கம்பிச்சுருள்களை நீராவி எஞ்சினால் சுழற்றி, அந்த மின்சாரத்தை நேரே முலாம் தொட்டிக்கு அனுப்பலாம் என்றார். துத்தநாகம் வேண்டாம். அமிலம் வேண்டாம். நிலக்கரி போதும்.

ஆனால் அந்த இயந்திரத்தின் மின்சாரம் மின்கலத்தினுடையதைப் போல ஒரே ஓட்டமாக வராது. சுருள் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் எழுந்து, விழுந்து, மறுபடி எழும். நிதானமான படிவையே நம்பி நின்ற தொழில் இது. உலகில் எந்தத் தொழிற்சாலையும் அதுவரை இயந்திர மின்சாரத்தை நம்பிப் பொருள் செய்ததில்லை.

விட்டுவிட்டுத் துடிக்கும் அந்த மின்சாரம், கரண்டியின் மேல் உரியாத தடித்த வெள்ளியை ஏற்றுமா?

*(அடுத்த வாரம் தொடரும்)*